மலையே, நான் வாரேன்

ஜீவராணிக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கும் முன்னே கை வேகமாகிவிடும். பண்டாரவளையில் மர்ஸூக் நானாவின் மரக்கறிக் கடையில் கோவாவின் வாடிய வெளி இலைகளை உரித்துக் கூடையில் அடுக்குவது அவளுடைய வேலை. அன்று காலை அவள் உரித்த உரிப்பில் பானை அளவு கோவாவெல்லாம் தேங்காய் அளவாகிவிட்டது.

"தங்கச்சி, கோவத்தக் கோவாவுல காட்டாதீங்க" என்றார் மர்ஸூக் நானா. "இப்பிடியே உரிச்சா ஆரு வாங்குற?"

அவள் காதில் வாங்கவில்லை. எதிரே வெங்காயச் சாக்கின் மேல் அவள் மகள் மதுஷா போனைப் பிடித்துக்கொண்டு, ஏன்தான் காட்டினோமோ என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். போனில் ஒரு படம். எண்ணெய் பூசிப் பளபளக்கும் பெரிய மரப்பலகை, அதில் வெள்ளை எழுத்தில் ஏழு வரிகள்.

காடாப் போ மலையே, காடாப் போ.
நான் கிள்ளின கொழுந்தெல்லாம்
எட்டாத மரமா வளரட்டும்.
அட்டையும் பன்றியும் உன்னை ஆளட்டும்.
என் காலடிப் பாதையப் புல்லு மூடட்டும்.
என் பேரை நீ மறந்து போ.
மலையே, நான் வாரேன்.

அதற்குக் கீழே 'ஜீவராணி, தேயிலைத் தொழிலாளி' என்று இருந்தது. அதற்கும் கீழே சிங்களம், கடைசியில் ஆங்கிலம்.

"அந்த இங்கிலிசுல என்னடி போட்டிருக்கான்?"

"உன் கவிததான்மா. அதையே மாத்திப் போட்டிருக்காங்க."

"கடைசி வரி என்னன்னு கேட்டேன்."

மதுஷா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மலையே, உங்கிட்டயே திரும்பி வாரேன்னு போட்டிருக்கும்மா."

அடுத்த கோவா கையிலிருந்து பறந்து தராசில் மோதி உருண்டது. மர்ஸூக் நானா அதை எடுத்து, துடைத்து, தன் பக்கமாக வைத்துக்கொண்டார். இனி இவள் கைக்கு எட்டும் தூரத்தில் மரக்கறி எதுவும் இருப்பது நல்லதல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவள் அந்த மலைக்குத் திரும்பி வருகிறேன் என்று யாரிடம் சொன்னாள்? அது சாபம். வாயார, வயிறெரிய விட்ட சாபம். அதை எண்ணெய் பூசி ஒரு விடுதி வாசலில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜீவராணி கவிஞர் ஆன கதையைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற பாதையில் பிரிந்து மேலே ஏறினால் ஏழுகல் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசைக்கு ஒரு பீலி உண்டு. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைக் குழாய் போட்டுத் திருப்பி விட்டிருப்பார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க, சண்டை போட எல்லாவற்றுக்கும் அந்தப் பீலிக்கரைதான். சின்ன வயதிலிருந்தே அவள் அங்கே திட்டினால் அது சும்மா திட்டாக இருக்காது. எதுகை வைத்துத் திட்டுவாள். வரிசையில் புகுந்த ஒருத்தியை அவள் திட்டிய திட்டை, திட்டு வாங்கியவளே பிறகு முணுமுணுத்தபடி துணி துவைத்தாள் என்பார்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசைக் கையால் அழுத்துகிற கங்காணி மேல் ஒன்று, கை காட்டினால் நிற்காத பஸ் மேல் ஒன்று, மழைக்கு ஒழுகும் கூரைத் தகரத்தின் மேல் ஒன்று என்று அவள் கட்டியதெல்லாம் திட்டுத்தான். பூவைப் பாடினதில்லை, நிலாவைப் பாடினதில்லை. யாரையாவது எதையாவது திட்டாமல் அவளுக்கு ஒரு வரிகூட வராது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும், அந்தப் பலகையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அவள் புருஷன் சிவஞானம் அதிகம் பேசாத ஆள். பேசுவதை எல்லாம் இவளே பேசிவிட்டதால் அவனுக்கு மிச்சமில்லை என்று லயத்தில் கிண்டல் செய்வார்கள். ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு சொல்லை மட்டும் தவறாமல் சொல்வான். தேயிலைச் செடியைத் தறிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல்படி தாண்டியதும் திரும்பி, "வாரேன் ராணி" என்பான். நம் ஆட்களில் யார்தான் வாசலில் நின்று 'போறேன்' என்பார்கள்? தவறிச் சொன்னாலும் வீட்டில் இருப்பவர்கள், வாயைக் கழுவு, வாரேன்னு சொல்லு என்று அதட்டுவார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் அவன் அப்படிச் சொல்லிவிட்டு மேமலைக்குப் போனான். அந்தத் தோட்டத்தில் ஆக உயரத்தில், காட்டை ஒட்டிய மலை அது. அங்கே தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது ஒரு புதருக்குள் குளவிக்கூடு இருந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். சிவஞானத்தின் கால் வேரில் சிக்கியது. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க ஜீவராணியை முதலில் விடவில்லை. பிறகு பார்த்தாள். அதைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

எட்டாம் நாள் தோட்டத்தை நடத்துகிற துரை லயத்துக்கு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "காட்டு ஓரம்னா குளவி இருக்கத்தான் செய்யும் அம்மா. நாம இயற்கையோட சேர்ந்து வேலை செய்யிறோம்" என்றார். குளவிக்கூடு இருக்கிறது, மருந்தடித்து எடுங்கள் என்று அவர்கள் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது அவருக்கு ஞாபகம் வரவில்லை. இயற்கை என்ற சொல்லை ஜீவராணி அன்றைக்குத்தான் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தாள். பார்த்ததும் பிடிக்காமல் போய்விட்டது.

அதன் பிறகு மேமலைக்கு வேலைக்குப் போக ஆட்கள் மறுத்தார்கள். தோட்டமும் அந்த மலையைக் கைவிட்டது. ஜீவராணி ஊரைவிட்டே கிளம்பினாள். கிளம்பும் அன்று துணி மூட்டையைப் பீலிக்கரையில் வைத்துவிட்டு, மதுஷாவைக் கூட்டிக்கொண்டு மேமலைக்கு ஏறினாள். அவன் விழுந்த இடத்தில் நின்று, தொண்டை கிழிய, அந்த ஏழு வரியையும் மலையைப் பார்த்துச் சொன்னாள். கட்டி வைத்துச் சொன்னதல்ல. நின்ற இடத்தில் வந்தது. தேயிலைக்காரருக்கு 'காடாப் போ' என்பதைவிடப் பெரிய சாபம் கிடையாது. கொழுந்து கிள்ளாமல் விட்டால் தேயிலை மரமாகி ஒன்றுக்கும் ஆகாது. அட்டையும் பன்றியும் வந்து சேரும். பாதை அழியும். அத்தனையும் வரட்டும் என்றுதான் சொன்னாள். கடைசியில் 'வாரேன்' என்றது மலையிடம் விடைபெற்றது. அவன் என்னிடம் வாரேன் என்று சொல்லிவிட்டு உன்னிடம் வந்தான், திரும்பி வரவில்லை. இப்போது நான் உன்னிடம் அதே சொல்லைச் சொல்கிறேன், நானும் வர மாட்டேன். அவ்வளவுதான் அதில் இருந்தது.

மதுஷா அதைப் போனில் பதிந்து வைத்திருந்தாள். பிறகு எழுதிப் பேஸ்புக்கில் போட்டாள். அப்பாவின் பெயரையும் போடவில்லை, குளவியையும் போடவில்லை. சின்னப் பெண், அழுது முடித்துவிட்டுப் போட்டது. ஏழு வரி மட்டும் தனியாக ஊர் சுற்றப் புறப்பட்டது.

அது போய் விழுந்தது நிஷாந்தின் கையில். நிஷாந்த் ஏழுகல் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளையின் மகன், இப்போது பதுளையில் வாத்தியார். இலக்கிய வட்டம் நடத்துகிறவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருந்தால் ஜீவராணிக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அந்தக் கவிதையைப் பற்றி அவன் நீளமாக ஒரு கட்டுரை எழுதினான். மனிதக் கை படாத ஆதி இயற்கையோடு மீண்டும் இணையத் தவிக்கும் ஒரு பெண்ணின் குரல் இது என்று எழுதினான். தன் பெயரையே உதறிவிட்டு மலையில் கரைந்துபோக விரும்புகிறாளாம். அதை ஆட்கள் பகிர்ந்தார்கள். கொழும்பில் யாரோ ஆங்கிலத்தில் மாற்றினார்கள். இதெல்லாம் நடக்கும்போது ஜீவராணி பண்டாரவளையில் லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். மதுஷா அவ்வப்போது, "ஒன்னோட கவிதய நல்லா இருக்குன்னு சொல்றாங்கம்மா" என்பாள். "இருக்கட்டும்" என்பாள் இவள். அவ்வளவோடு போனது.

இப்போது போகவில்லை. கைவிட்ட மேமலையின் பழைய பங்களாவை யாரோ குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதியாக்கி விட்டார்கள். வாசலில் பலகை. அந்த வாரமே பதுளையில் நிஷாந்தின் வட்டம் ஒரு கூட்டம் வைத்திருந்தது. 'இயற்கைக்குத் திரும்புதல்' என்று தலைப்பு. ஜீவராணி மர்ஸூக் நானாவிடம் லீவு கேட்கவில்லை, சொல்லிவிட்டு மதுஷாவோடு புறப்பட்டாள். நானா மறுப்புச் சொல்லவில்லை. கோவாவுக்காவது நிம்மதி என்று நினைத்திருப்பார்.

மண்டபத்துக்குள் அவள் நுழைந்தபோது நிஷாந்த் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, மேடையிலிருந்து இறங்கி வந்து, "இவங்கதான் ஜீவராணி அக்கா" என்று எல்லாருக்கும் காட்டினான். கைதட்டினார்கள். கைதட்டுக்கு நடுவே கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தட்டி ஓயும்வரை காத்திருந்தாள்.

"தம்பி, அந்தப் பலகையக் கழட்டச் சொல்லுங்க."

"ஏன்க்கா? மரியாதையாத்தானே வச்சிருக்காங்க. நான்தான் உங்க பேரையும் போடணும்னு சொன்னேன்."

"அது மலைய வைஞ்சது. நான் திரும்பி வாரேன்னு சொல்லல. போயிட்டு வாரேன்னு சொன்னேன். அந்த மலைதான் எம் புருசனத் தின்னுச்சு."

நிஷாந்துக்குச் சிவஞானத்தைத் தெரியும். ஆனால் இந்த இரண்டையும் அவன் சேர்த்துப் பார்த்ததில்லை. அவன் முகத்தில் நிஜமான வருத்தம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் கண்ணில் ஒரு சந்தோஷம்.

"அக்கா, இது இன்னும் பெரிய கவிதை ஆயிருச்சே" என்றான் மெதுவாக. "வாரேன்னா வர்றதும்தான், போறதும்தான். காடாப் போன்னா சாபமும்தான், வரமும்தான். ரெண்டு அர்த்தமும் ஒண்ணா நிக்குது. அதுதான் இதோட அழகு. எழுதினவங்களுக்கே தெரியாம வார்த்தை செய்யிற வேலை இது."

"எனக்குத் தெரியாம எம் வாயிலேருந்து எதுவும் வராது" என்றாள் ஜீவராணி. "ஒங்களுக்கு வேணும்னா ரெண்டு அர்த்தம் இருக்கட்டும். எனக்குச் செத்தது ஒரே ஆளு."

அத்தோடு அவள் போயிருப்பாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் நல்ல எண்ணத்தோடு எழுந்து, கவலைப்படாதீர்கள், உங்கள் கவிதையால் நல்லதுதான் நடக்கிறது என்றார். விடுதிக்காரர்கள் மேமலை முழுவதையும் காடாகவே விடக் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறார்களாம். மலையின் அடிவாரத்தில் தோட்டத்து ஆட்கள் மரக்கறி போட்டு மண்ணைக் கெடுக்கிறார்களாம். அதையும் சேர்த்து அளந்து காட்டுக்கு விடப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை அளக்க வருகிறார்கள். தோட்டத்து மக்களே மலை காடாகட்டும் என்றுதான் பாடுகிறார்கள் என்று அந்த மனுவில் இந்தக் கவிதையைத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

"அடிவாரத்துல மரக்கறி போடுறது யாரு?" என்று கேட்டாள் ஜீவராணி. குரல் அடங்கியிருந்தது. மதுஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கத்தினால் பரவாயில்லை.

நிஷாந்த் தலையைக் குனிந்துகொண்டான். "லயத்து ஆட்கள்தான்க்கா. பெரியாயி அக்காவும் போட்டிருக்காங்க."

பெரியாயி சிவஞானத்தின் கூடப்பிறந்த அக்கா. தாய் தகப்பன் இல்லாமல் அவனை வளர்த்தவள். தோட்டத்தில் வேலை நாள் குறைந்துபோன பிறகு, யாரும் தொடாத அந்த அடிவாரத்தைக் கொத்திப் போஞ்சி போட்டாள். அதில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. தம்பியைத் தின்ற மலையிலிருந்தே சோற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் என்றும் சொல்லலாம். இப்போது தம்பி பெண்டாட்டியின் வாய்ச்சொல்லை வைத்து அதையும் பிடுங்கப் போகிறார்கள்.

ஜீவராணி மறுநாளே ஏழுகல்லுக்கு பஸ் ஏறினாள். ஐந்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. பெரியாயி வீட்டுக்குப் போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. முதலில் மேமலைக்கு ஏறினாள்.

அவள் சொன்ன அத்தனையும் பலித்திருந்தது. தேயிலை மரமாகி நின்றது. கிள்ளாமல் விட்டதால் கிளை முழுக்க வெள்ளைப் பூ. அத்தனை வருடம் கொழுந்து கிள்ளியவள், தேயிலை இப்படிப் பூத்துப் பார்த்ததே இல்லை. பாதை இருந்த இடம் தெரியவில்லை. காலில் அட்டை ஏறியிருந்தது. குருவிகள் கத்தின. அழகாக இருந்தது. சத்தியமாக அழகாக இருந்தது. சிவஞானம் விழுந்த இடம் எது என்று எவ்வளவு தேடியும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் அங்கே நிற்கவில்லை. அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு இறங்கினாள்.

பெரியாயி போஞ்சிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. மறுபடி குனிந்து கம்பை ஊன்றினாள்.

"மதினி" என்றாள் ஜீவராணி.

"ஒன்னோட பாட்ட பலகையில போட்டிருக்காங்களாம். நல்லது."

"அவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்க மதினி. நான் இந்த மலைய வைஞ்சேன். ஒங்க தம்பிக்காக வைஞ்சேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாது. சொல்லு, கேப்போம்."

ஜீவராணி சொன்னாள். போஞ்சிக் கொடிக்கு நடுவே நின்று, அந்த ஏழு வரியையும் சொன்னாள். 'காடாப் போ' என்றபோது அவள் குரல் தடுமாறியது. காலடியில் பூ விட்டு நிற்கும் செடியை வைத்துக்கொண்டு அதைச் சொல்வது வேறு மாதிரி இருந்தது. கடைசி வரியைச் சொல்லி முடித்ததும் பெரியாயி கம்பைக் கீழே போட்டாள்.

"வாரேன்னுதானே சொல்லியிருக்க?"

"அது போயிட்டு வாரேன்னு அர்த்தம், மதினி."

"அதத்தான் நானும் கேக்குறேன். போயிட்டு வாரேன்னுதானே சொன்ன? எங்க வந்த?"

ஜீவராணி குனிந்து அந்தக் கம்பை எடுத்துக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் திட்டு வாங்கிக்கொண்டு நின்றது அபூர்வம்.

"வாரேன்னு சொல்லிட்டு அவன் வரல. அவனால முடியல, செத்துட்டான். ஒனக்கு என்ன வந்துச்சு? பண்டாரவளைக்கு பஸ் இல்லையா? எம் தம்பி மவள நான் எத்தன வருசமா கண்ணால பாக்கல தெரியுமா? போறேன்னு சொல்லியிருந்தா நானும் தொலையட்டும்னு விட்டிருப்பேன். வாரேன்னு சொன்னவளைத்தான்டி வாசல்ல ஒக்காந்து எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்."

பெரியாயி அழவில்லை. அவளும் கோபத்தில்தான் இருந்தாள். ஐந்து வருடக் கோபம். ஜீவராணி தன் கோபம்தான் பெரிது என்று நினைத்து அதையே சுமந்துகொண்டு பண்டாரவளையில் கோவா உரித்துக்கொண்டிருந்தாள். இங்கே ஒருத்தி அதைவிடப் பெரியதை வைத்துக்கொண்டு போஞ்சிக்குக் கம்பு ஊன்றியிருக்கிறாள். வெட்கத்தில் ஜீவராணிக்குக் காது சுட்டது. அந்த வெட்கமும் கொஞ்ச நேரத்தில் கோபமாகத்தான் மாறியது. அவளுக்கு எதுவுமே கடைசியில் அப்படித்தான் மாறும்.

வெள்ளிக்கிழமை மர்ஸூக் நானாவின் கடை மூடியிருக்கும். மதுஷாவையும் கூட்டிக்கொண்டு விடியும் முன்னே பஸ் பிடித்து ஜீவராணி ஏழுகல்லுக்கு வந்தாள். கொழுந்து கிள்ளும்போது சேலை மேல் கட்டுகிற பழைய படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரியாயியின் மண்வெட்டியை எடுத்து, அடிவாரத்துப் பாத்தியில் இறங்கி நின்றாள். மதுஷா அத்தைக்குப் பக்கத்தில் கம்புக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற லயத்து ஆட்களும் அவரவர் பாத்தியில் நின்றார்கள். அவள் பாட்டால் வந்த வினை என்று அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அளக்க வந்த அதிகாரி ஒரு வயதான சிங்களவர். கூட விடுதி மனேஜர். மொழிக்கு நிஷாந்த். அவனாக வந்தானா, கூப்பிட்டு வந்தானா தெரியவில்லை. முளைக்குச்சிகளை ஒருவன் தோளில் வைத்திருந்தான். முதல் குச்சி பெரியாயியின் பாத்திக்கு நடுவில் வர வேண்டும்.

மனேஜர் அவளைக் கண்டதும் யாரென்று கேட்டான். நிஷாந்த் சொன்னான். மனேஜர் சந்தோஷமாகக் கையெடுத்துக் கும்பிட்டான். பலகையில் இருக்கும் ஆள் நேரில் வந்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

"நீங்கதானே அத எழுதினதுன்னு அதிகாரி கேக்குறாருக்கா" என்றான் நிஷாந்த்.

"ஆமா. நான்தான் எழுதினேன்."

"மலை காடாகணும்னு."

"கோவத்துல சொன்னேன். பெத்த புள்ளையப் பாத்து நாசமாப் போன்னு வையிறோம். அதுக்காக அந்தப் புள்ளையக் கொண்டு போய்க் கெணத்துல போடுவீங்களா? இதையும் அப்படியே அவருக்குச் சொல்லுங்க. அழகா மாத்திச் சொல்லாதீங்க."

நிஷாந்த் சொன்னான். இந்தத் தடவை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னான் என்றுதான் தோன்றியது, ஏனென்றால் மனேஜரின் முகம் சுருங்கியது. அவன் போனை எடுத்து, பலகைப் படத்தைக் காட்டி, கடைசி வரியில் விரலை வைத்து வேகமாக ஏதோ சொன்னான்.

"கடைசியில மலைகிட்ட வாரேன்னுதானே சொல்லியிருக்கீங்க, அது ஆசைதானேன்னு கேக்குறார்" என்றான் நிஷாந்த். அவன் குரலில் உயிர் இல்லை.

"சொன்னேன்" என்றாள் ஜீவராணி. "வாரேன்னு சொன்னேன். ஒங்க வாசல்லயே பெரிசா எழுதி வச்சிருக்கீங்க, ஜீவராணி மலைக்கு வாராள்னு. மூணு பாஷையில எழுதியிருக்கீங்க. நான் வந்துட்டேன்."

மண்வெட்டியை ஓங்கிப் பாத்தி ஓரத்தில் இறக்கினாள். மண் தெறித்து மனேஜரின் சப்பாத்தில் விழுந்தது.

"இப்ப எங்க குச்சி நடப் போறீங்க, நடுங்க. எங்கால்ல வேணும்னா நடுங்க."

நிஷாந்த் மொழிபெயர்க்கும் முன்னே அதிகாரி தலையை ஆட்டினார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. 'வாரேன்' என்ற சொல் அவருக்குப் புரியாமலும் இல்லை. சிங்களத்திலும் வாசலில் நின்று போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். மனேஜரிடம் ஏதோ சிங்களத்தில் சொல்லிவிட்டு, குச்சிக்காரனைத் திரும்பி நடக்கச் சொன்னார். இந்த நிலத்தில் ஆட்கள் பயிர் செய்து குடியிருக்கிறார்கள், விசாரணை இல்லாமல் அளக்க முடியாது என்று எழுதப் போகிறாராம். அதற்காக நிலம் இவர்களுக்குக் கிடைத்துவிடப் போவதில்லை. விசாரணை வரும், இழுபடும், இவர்கள் அரசாங்கக் கச்சேரி அலுவலக வாசலில் காய வேண்டியிருக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு குச்சியும் இறங்கவில்லை.

நிஷாந்த் கடைசியாகப் போனான். ஜீவராணியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தான். பலகை இன்றும் அங்கேதான் இருக்கிறது. கழற்றச் சொல்லி அவள் மறுபடி யாரையும் கேட்கவில்லை.

பொழுது சாயும்வரை அவளும் மதுஷாவும் கம்பு ஊன்றினார்கள். பெரியாயி கம்பை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். பண்டாரவளைக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஜீவராணி பீலியில் கால் கழுவி, படங்கை அவிழ்த்து உதறி மடித்து, பெரியாயியின் எதிரே வந்து நின்றாள்.

"வாரேன், மதினி."

பெரியாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இன்னும் போகவில்லை.

"அந்தச் சொல்லு எனக்கு வேணாம்" என்றாள். "எந்த பஸ்ஸுலன்னு சொல்லு."

"வர்ற வெள்ளிக்கெழம, மொத பஸ்ஸுல."

"சரி. அந்தப் படங்க இங்கயே வச்சிட்டுப் போ" என்றாள் பெரியாயி.